மேகம் பாதப் பொடி

டிசைன் டீச்சருக்குப் பிரசவ விடுப்பு கிடைத்ததில் பி.டி. மாஸ்டரைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். விளையாட்டு மைதானத்தில் புதுத் தளம் போடும் வேலை நடந்ததால், அவர் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வராந்தாவில் சும்மா உலாத்தினார். அது தலைமையாசிரியையின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கூப்பிட்டுவிட்டார்.

"மாஸ்டர், பத்தாம் வகுப்புக்கு கிராஃபிக் புராடக்ட் டிசைன் பாடத்தை நீங்கதான் பாத்துக்கணும்."

"மேடம், எனக்கு நேர்கோடுன்னா பசங்க நிக்கிற வரிசைதான் தெரியும்."

"அது போதும். முக்கியமான சொல்லுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக் குடுங்க. அப்புறம் ஒரு பொருளுக்கு டப்பா செய்ய வைங்க. வெளியிலிருந்து தேர்வாளர் வந்து பார்ப்பார். அவ்வளவுதான்."

முதல் வகுப்புக்கு உண்டான சொல் 'நெட்'. மாஸ்டருக்கு உயிரே வந்தது. வாலிபால் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை போல வகுப்புக்குள் நுழைந்தார். இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னார். வகுப்பு கப்சிப்பென்று இருந்தது. அது மரியாதை என்று நினைத்துவிட்டார்.

முன் பெஞ்சில் ஒருத்தி. வாயைத் திறந்தால் யாருக்காவது காது அடைக்கும் என்பதால் அவளுக்கு 'வெடி' என்று பெயர். அவள்தான் எழுந்தாள்.

"சார், நெட்டுன்னா இது இல்ல சார்."

"பின்ன, மீன் பிடிக்கிறதா?"

அவள் மேசைக்கு வந்தாள். சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்துக் காலி செய்தாள். ஒட்டியிருந்த ஓரங்களை நகத்தால் பிரித்து, அட்டையை மேசைமேல் விரித்து வைத்தாள். சுவர்கள், மூடி, ஒட்டுவதற்கான காதுகள் எல்லாம் படுத்துக் கிடந்தன. "டப்பாவைத் தட்டையாப் பிரிச்சா வர்ற இந்த வடிவம்தான் சார் நெட். டீச்சர் லீவுல போறதுக்கு முன்னாடி இதுவரைக்கும் சொல்லிட்டாங்க."

வலையைப் பிடித்திருந்த பையன்கள் அதை விடுவதா வேண்டாமா என்று விழித்தார்கள். பின் பெஞ்சில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டது. மாஸ்டருக்குக் காது மடல் சூடானது. அடுத்த சொல் 'ப்ளீட்'. ரத்தம் வடிவதுதான் அது என்று நினைத்து முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார். அதைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

அன்று மாலை உட்கார்ந்து பாடப்புத்தகத்தை முதல் முறையாகப் படித்தார். அச்சடிக்கும்போது வண்ணம் வெட்டுகோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போகவேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை பல்லிளிக்கும். அந்த உபரிதான் ப்ளீட். மாஸ்டர் தொடையைத் தட்டினார். மறுநாள் வகுப்பில் சொன்னார்: "ஓட்டப்பந்தயத்துல கோட்டுக்கிட்ட வந்து நிக்கிறவன் தோப்பான். கோட்டைத் தாண்டியும் ஓடணும். அதான்டா ப்ளீட்." வெடியே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அவர் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

எந்தப் பொருளுக்கு டப்பா செய்வது என்ற பேச்சு வந்தபோது பிள்ளைகள் தயங்கவே இல்லை. மாஸ்டரின் ஷூ நாற்றம் பள்ளிக்கூடம் அறிந்த விஷயம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அதைச் சகிக்கமுடியாமல் வீட்டிலேயே ஒரு வெள்ளைப் பொடி கலந்து கொடுத்திருந்தார். ஷூவுக்குள் தூவினால் அரைநாள் மனிதர்கள் பக்கத்தில் உட்காரலாம்.

"அந்தப் பொடிக்குச் செய்யலாம் சார்," என்றாள் வெடி.

"சரி. டார்கெட் மார்க்கெட் யாரு? இந்தப் பொருளை யாரை மனசுல வச்சு விக்கிறோம்?"

"உங்கள!" என்றது மொத்த வகுப்பும்.

பொடிக்கு 'மேகம்' என்று பெயர் வைத்தார்கள். வெளிர்நீல டப்பா, அதில் வெள்ளை மேகங்கள். பெரிய கறுப்பு எழுத்தில் 'கால் நாற்றப் பொடி' என்று போடவேண்டும் என்று வெடி ஒற்றைக்காலில் நின்றாள்.

"நாத்தம் கீத்தம்னு எழுதாதே. மனுஷன் கையில எடுக்கவேண்டாமா?" என்றார் மாஸ்டர். "பாதப் பொடின்னு போடு. அதையும் சின்னதா, வெள்ளையில, மெல்லிசாப் போடு. நாசூக்கா இருக்கணும்."

"நீலத்துமேல வெள்ளை, அதுவும் மெல்லிசா... தெரியாது சார். கான்ட்ராஸ்ட் இல்ல."

"வாத்தியார் யாரு?"

வெடி வாயை மூடிக்கொண்டாள். அதுவே அவருக்கு எச்சரிக்கையாக இருந்திருக்கவேண்டும்.

தேர்வாளர் ஒரு காலை வேளையில் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, எதையும் பாராட்டிவிடக்கூடாது என்ற வைராக்கியம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிப்புகள் சுத்தம், ஓரங்கள் சுத்தம். "ம்" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிது என்று மாஸ்டருக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஆயா எலுமிச்சை டீ கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்த தேர்வாளர் முகம் சுளித்தார். சர்க்கரை இல்லை. டப்பாவைப் பார்த்தார். நீலம், மேகம், உள்ளே வெள்ளைவெளேரென்று பொடி, பக்கத்தில் அளவு கரண்டி வேறு.

மாஸ்டர் தலைமையாசிரியையிடம் ப்ளீடை விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது கரண்டி கோப்பைக்குள் கவிழ்ந்துவிட்டது.

டீ உயிர் பெற்றது. புஸ்ஸென்று நுரை எழும்பி, கோப்பை விளிம்பைத் தாண்டி, மதிப்பெண் தாளில் வழிந்தது. "அட, சோடா மாதிரி!" என்று தேர்வாளர் வியந்து, மாஸ்டரின் "சார், சார்" காதில் விழுவதற்குள் ஒரே மடக்காகக் குடித்துவிட்டார்.

"சார்," என்றாள் வெடி, "அது நாறுற காலுக்குப் போடுற பொடி."

மாஸ்டர் வாசலுக்கு ஓடி மனைவிக்குப் போன் போட்டார். "ஏம்மா, அந்தப் பொடியில என்ன கலந்தே? சீக்கிரம் சொல்லு!"

"சோள மாவும் சோடா உப்பும். வாசனைக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஏன்?"

"ஒருத்தர் குடிச்சிட்டாரு."

மறுமுனையில் மனைவி நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "உயிருக்கு ஒண்ணும் ஆகாது. நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. உங்க காலுக்குன்னு குடுத்ததை ஊருக்கெல்லாம் ஊத்தறீங்களா?"

திரும்பி வந்தபோது தேர்வாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமையாசிரியை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தேர்வாளரிடமிருந்து ஓர் ஏப்பம் புறப்பட்டது. அது நீண்டது, வளைந்தது, ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுத் திரும்பியது. அவர் முகத்தில் இருந்த விறைப்பெல்லாம் அதோடு போய்விட்டது.

"நேத்து சாப்பிட்டதிலிருந்து வயிறு கல்லு மாதிரி இருந்துச்சு," என்றார் மெதுவாக. அப்புறம்தான் தன் பதவி ஞாபகத்துக்கு வந்தது. டப்பாவை மூக்கருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி, 'பாதப் பொடி'யைக் கண்டுபிடித்தார். "இந்த எழுத்தை யார் முடிவு பண்ணினது?"

பிள்ளைகள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட மாஸ்டரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நான்தான் சார். தெரியாதுன்னு இந்தப் பொண்ணு அப்பவே சொன்னா. நான் கேக்கல."

வெடி இதற்குள் குனிந்து விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதறே?" என்றார் தேர்வாளர்.

"மதிப்பீடு சார். பயனர்கிட்ட சோதனை பண்ணி, குறையை எழுதணும்னு பாடத்துல இருக்கு."

"நான் பயனரா?"

"குடிச்சது நீங்கதானே சார்?"

தேர்வாளர் அவளையே பார்த்தார். இன்னொரு ஏப்பம் வரும்போலிருந்தது, சிரிப்பு வந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் கிளம்பறதுக்குள்ள சரிபண்ணிக் காட்டுங்க."

வகுப்பு சந்தைக்கடையானது. ஒருவன் தன் பாதத்தில் மை பூசி அட்டையில் மிதித்தான். வெடி தடித்த கறுப்பில் 'கால் நாற்றப் பொடி' என்று டப்பா அகலத்துக்கும் எழுதினாள். கீழே சிவப்பில், 'வாயில் போடாதீர்கள்.' மாஸ்டர் வாயே திறக்காமல் பசை தடவிக் கொடுத்தார். கழுத்து விசில்கூடப் பசையாகிவிட்டது.

எழுத்தமைப்புக்கு மதிப்பெண் குறைவாகத்தான் வந்தது. மதிப்பீட்டுக்கு முழுசாக வந்தது. தலைமையாசிரியை ஒரு வாரம் மாஸ்டரிடம் பேசவில்லை. மைதானத்துத் தளம் முடிந்து, டிசைன் டீச்சரும் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

மாஸ்டருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. மனைவியைக் கூப்பிட மருந்துக்கடைக்குப் போனால், அலமாரியில் இருக்கும் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் நீட்டிப் பார்க்கிறார்.

"இந்த இருமல் மருந்துல எழுத்தே தெரியல. இதையெல்லாம் யாரு அச்சடிக்கிறா?"

"வாங்கறதா இருந்தா வாங்குங்க," என்றார் மனைவி, "இல்லன்னா ஓரமா நில்லுங்க. பின்னாடி இருமற ஆளுங்க நிக்கறாங்க."