சுவருக்குப் பின்னால் வந்த குரல்

“இருமக்கூடாதுன்னு சொன்னா, பதில் மட்டும் சொல்லலாம்னு அர்த்தமா?”

“பேர் சொல்லிக் கூப்பிட்டாரு உஸ்தாத். பதில் தானா வந்துடுச்சு.”

“கூப்பிட்டது உன்னை இல்லை.”

“தெரியும். பத்து கசையடிக்கு அப்புறம் நல்லாவே தெரியும்.”

தோகான் உட்காரவில்லை. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அரண்மனைக் கைவினைஞர் உஸ்தாத் மவ்தூத் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு செம்பு விரலை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

ஆமித் கோட்டையில் பதினொரு வருடம் சுல்தான் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கெண்டியால் தண்ணீர் ஊற்றியவன் தோகான். பனிக்காலத்தில் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்த பிறகுதான் கொண்டுபோவான். திடீரென்று ஒருநாள், ஆள் கிட்டே வந்து நிற்பது சுல்தானுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மவ்தூத் ஒரு செம்பு ஆளைச் செய்து கொடுத்தார். அது கெண்டியைச் சாய்க்கும். தண்ணீர் தீர்ந்ததும் இடக்கையால் துண்டை நீட்டும். எல்லாம் தானாகவே நடக்கிறது என்றுதான் சபைக்குத் தெரியும். சுவருக்குப் பின்னால் இருந்த தொட்டியை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை அறுபது படி ஏறித் தோல்பையால் நிரப்பியது யாரென்று யாரும் கேட்கவில்லை.

நேற்று மோசூல் தூதரின் முன்னால் சுல்தான் அந்தச் செம்புக் கன்னத்தைத் தட்டி, “பலே, தோகான்” என்றார்.

“வந்தேன் எஜமான்” என்றது சுவர்.

தூதர் துள்ளி மோதியதில் செம்பு விரல் வளைந்தது. சபை சிரித்தது. சுல்தான் சிரிக்கவில்லை.

“பதினொரு வருஷத்துல என்னை ஒரு தடவை பலேன்னு சொன்னதில்லை” என்றான் தோகான். “இந்தச் செம்பு ஆளு வந்து மூணு மாசம்கூட ஆகலை.”

“அது பேசாதுல்ல, அதான்.” மவ்தூத் சுத்தியலை வைத்தார். “உனக்கு என்னடா குறை? நீ மண்ணுக்குப் போனாலும் உன் முகம் அரண்மனையில நிக்கும். அந்தப் புருவத் தழும்பு இருக்கே, அதுக்கு மட்டும் நாலு நாள் ஆச்சு எனக்கு.”

“என் முகத்துல மெழுகு அப்பி அச்சு எடுத்தப்ப என்ன சொன்னீங்க? தோட்டத்து நீரூற்றுக்குன்னு சொன்னீங்க.”

மவ்தூத் மறுபடி சுத்தியலை எடுத்தார்.

தோகான் செம்பு ஆளின் எதிரே போய் நின்றான். அதே தழும்பு. அதே பணிவான தலைச்சாய்ப்பு. அதன் முதுகு மட்டும் வழவழவென்று மின்னியது. மேசையில் கிடந்த பெரிய அரத்தை எடுத்தான். மவ்தூத் சட்டென எழுந்து சிலைக்கும் அவனுக்கும் நடுவில் வந்தார்.

“பயப்படாதீங்க. நான் தொட்டா கை போயிடும், தெரியும்.” அரத்தின் கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினான். “தண்ணி நானே தூக்குறேன். பேரை அதுவே வெச்சுக்கட்டும். இந்த முகத்தை மட்டும் உங்க கையால தேய்ச்சு எடுத்துடுங்க, உஸ்தாத்.”