செங்கமலத்தின் முகத்தில் நிற்காத பவுடர்

1964ஆம் ஆண்டு தை மாதம், மண்ணூர்ச் செங்கமலத்தின் முகத்தில் பூசியிருந்த பவுடர் கிளம்பிப் போய், அவளைப் பெண் பார்க்க வந்திருந்தவர்களின் முகங்களில் அமர்ந்தது. காற்று வீசவில்லை. காபித் தம்ளரில் ஒரு துகளும் விழவில்லை. வந்தவர்கள் வெளுத்த புருவங்களோடு எழுந்து, சொல்லியனுப்புவதாகக் கூறிப் பேருந்தேறினர், சொல்லியனுப்பவில்லை. அவ்வாண்டு வேர்க்கடலை நன்றாக விளைந்திருந்ததால் ஊர் இதை அதிகம் பேசவில்லை.

அடுத்து வந்தவர்களுக்கும் அவ்வாறே நேரவே, குற்றம் பவுடரில்தான் என்று முடிவுகட்டிய தாய் பாப்பம்மாள், மகளை ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றாள். அங்கே அழகுப் பொருள்கள் விற்ற தாமஸ், செங்கமலத்தின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி நிறம் பார்த்து, இருந்த டப்பாக்களையெல்லாம் திறந்து பூசினார். சற்று நேரத்தில் அவருடைய மீசை வெளுத்தது.

“இன்னாம்மா பண்றது, எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒரே கலர்தான் வருது. டப்பா மேல கீற அம்மா கலரு.”

“அப்போ அந்தம்மாவே பூசிக்கட்டும்” என்றாள் செங்கமலம். பாப்பம்மாள் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

தோழிகளோடு இருக்கையில் பவுடர் அவள் முகத்தில் சாதாரணமாகவே தங்கியது. நிறத்தை எடைபோடும் கண் எதிரே வந்தால் மட்டுமே அந்தக் கண்ணுக்குரியவரின் முகத்தைத் தேடிச் சென்றது. இதைக் கவனித்துவைத்திருந்த செங்கமலம் தாயிடம் சொன்னபோது, பாப்பம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தாயின் கன்னங்களிலும் பவுடர் படிந்தது.

இப்படியே ஐந்தாறு ஆண்டுகள் சென்றன. சேரப்பணஞ்சேரியிலிருந்து கோவிந்தம்மா தன் மகன் கோதண்டராமனோடு வருவதாகச் செய்தி வந்தது. இதுவும் தட்டிப்போனால், மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுப்பதென்று பாப்பம்மாள் வாக்களித்திருந்தாள். வெறும் முகத்தோடு வருவதாகச் செங்கமலம் எவ்வளவோ மன்றாடினாள். “பவுடர் இல்லாம ஒக்காந்தா எழவு வூடு மாதிரி இருக்கும்டீ” என்று தாய் இரண்டு பூச்சாகவே பூசிவிட்டாள்.

கோவிந்தம்மா கண்ணைச் சுருக்கி அவளை உற்றுப் பார்த்தார். பவுடர் முழுவதும் அவர் முகத்திற்குப் பெயர்ந்தது. வழக்கப்படி தலைகுனிந்திருக்க வேண்டிய செங்கமலம் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“அய்ய, இன்னாடா இது! வெள்ளையடிச்ச செவுராட்டம் கீறேன்?”

“அதத்தான் அந்தப் பொண்ணுக்கு அடிச்சி வுட்டிருந்தாங்க, எம்மோவ்” என்று கோதண்டராமன் சிரித்தான்.

கோவிந்தம்மா சிரிக்கவில்லை. நெடுநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தண்ணீர் கேட்டு முகம் கழுவினார். துடைத்தபின் தெரிந்த முகம் செங்கமலத்தின் நிறமாகவே இருந்தது. “என்னியும் இப்டிதான் அப்பி ஒக்கார வெச்சாங்க” என்றவர், மடியிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தார். “கிட்ட வா கண்ணு. பூ வெச்சி வுட்றேன்.”

வைகாசியில் திருமணம் நடந்தது. தாமஸ் அந்த ஒரே நிறத்தைத்தான் கடைசிவரை விற்றார். பின்னாளில் மண்ணூர்ப் பெண்கள் பலர் முகத்திலும் பவுடர் நிற்காமல் போகவே, பெண் பார்க்க வருவோருக்குத் தண்ணீர்ச் சொம்போடு ஒரு துண்டும் கொடுப்பது அவ்வூர் வழக்கமாயிற்று. 1980களில், விவரம் தெரிந்த மாப்பிள்ளை வீட்டார் தங்கள் துண்டைத் தாங்களே கொண்டுவந்தனர். முகத்தைத் துடைத்துக்கொண்டே, ஏதும் நடவாததுபோல் ஊர் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று விசாரித்தனர்.