மெதுவாக மூட வேண்டிய குழாய்

வண்டியை ஒப்படைக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கருமத்தம்பட்டியில் கேரவன் கட்டும் பட்டறையில் தண்ணீர் சோதனை என் வேலை. சமையல் குழாயைத் திறந்தேன். இருமி இருமித் தண்ணீரைத் துப்பியது. சட்டென்று மூடினேன். வண்டிக்குள் போட்டிருந்த கட்டிலுக்கு அடியில் 'டங்' என்று ஏதோ இடித்தது.

பலகையைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே குழாய் வளைந்து ஏறும் இடத்தில் காற்று அடைபட்டிருந்தது. அங்கே குழாயைப் பிடித்து நிறுத்த ஒரு கிளாம்பும் இல்லை. ஓடும் தண்ணீர் திடீரென்று நிற்கும்போதெல்லாம் குழாய் துள்ளிப் பக்கத்து ஜாயின்ட்டை இழுத்தது. ஜாயின்ட்டில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. நேர் கீழே இன்வெர்ட்டர்.

குழாயைத் தாழ்த்திப் போட்டு, கிளாம்பு அடித்து, காற்றை வெளியேற்ற ஒரு நாள் வேண்டும் என்று முதலாளி தனபால் அண்ணனிடம் சொன்னேன். ஏற்கெனவே இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருந்தது. அவர் மோட்டாரின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, பலகையைத் தானே மூடினார்.

"மெதுவா மூடிக் காட்டு அம்மணி, சத்தம் வராது. நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும். அது உனக்குப் பழக்கந்தானே."

வெல்டிங் ஆட்கள் சிரித்தார்கள்.

தாஜுன்னிசா அக்கா பெருந்துறையிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகத்தான் இந்த வண்டி. கட்டிலைத் தடவிப் பார்த்தார். இரண்டு வருடமாக அம்மா ஒரே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

நான் குழாயைத் திறந்தேன். மெதுவாக, மிக மெதுவாக மூடினேன். சத்தமில்லை.

தண்ணீர் நூல் மாதிரி வருகிறதே என்றார் அக்கா. போகப்போகச் சரியாகிவிடும் என்றார் அண்ணன். பரவாயில்லை, தம்பி மெக்கானிக்தான், ஊருக்குப் போனதும் அழுத்தத்தைக் கூட்டிவிடுவான் என்றார் அக்கா.

கூட்டினால் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும். அண்ணனுக்கும் அது தெரியும். ஆனாலும் சாவியை நீட்டினார்.

அக்கா சாவியை வாங்காமல் என்னைப் பார்த்தார். "ஏன் கண்ணு, ஒரு குழாய மூட இத்தன நேரமா?"

என் கை இன்னும் குழாயின் மேலேயே இருந்தது.

"மதிவதனி" என்றார் அண்ணன், தாழ்ந்த குரலில்.

"சட்டுனு மூடுனா இடிக்குமுங்க அக்கா" என்றேன். "உங்கம்மா படுக்கற கட்டிலுக்கு அடியில ஜாயின்ட் கசியுதுங்க. அதுக்கு நேர் கீழ கரண்ட் பெட்டி இருக்குதுங்க."