மடங்காத கத்தியோடு ஒருத்தி நடந்து போனாள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சின்ன காஞ்சிபுரத்தில் குடை, பூட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் செய்கிற சாமுவேலிடமிருந்து எடுத்துக்கொண்டது. என் குடைக்கு அவர் கம்பி மாற்றிய அரை மணி நேரத்தில், இது ஐந்து வருஷத்துக்கு முன்னால், அறுபத்தெட்டாம் வருஷம் ஆனியில் நடந்தது என்று சொன்னார். மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். அன்றிலிருந்து அந்தப் பத்து வாக்கியமும் என்னைத் தூங்கும்போதுகூட விடுவதில்லை.

ஆரம்பத்தை நான்கு முறை எழுதிவிட்டேன்.

'பட்டுத் தறிகளின் ஓசைக்கு நடுவே, காஞ்சி மாநகரிலே...' வேண்டாம்.

'கத்தி பளபளத்தது. அவள்...' துப்பறியும் கதையாகிவிடும்.

'ஏலவார்குழலிக்குக் கோபம் வந்தால்...' அவளுக்குக் கோபம் வந்ததா என்பதே எனக்குத் தெரியாதே.

நான்காவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

ஏலவார்குழலியும் அவள் புருஷன் கலியாணசுந்தரமும் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவர்கள். இரண்டு பெண்கள். சின்னவள் வள்ளிக்கு ஆறு வயது. கலியாணசுந்தரத்தின் அண்ணன் பஞ்சாட்சரத்துக்கும் அண்ணி கிருஷ்ணம்மாளுக்கும் பிள்ளை இல்லை. அவர்கள் இருந்தது ஊரின் அந்தக் கோடியில், சின்ன காஞ்சிபுரத்தில்.

வைகாசியில் ஒருநாள் கலியாணசுந்தரம் பலாப்பழம் அறுத்துக்கொண்டே, வள்ளியை அண்ணனுக்கு வளர்க்கக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன் என்றான். அவளைக் கேட்கவில்லை. சொன்னான். முடியாது என்றாள் அவள். கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கத்தியைப் பழத்தின் பக்கத்தில் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனவன், அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டான். நாற்பது நாள்.

அது மடக்குக் கத்தி. பட்டணத்தில் வாங்கியது. முதுகுப் பக்கம் ஒரு எஃகுப் பட்டை இருக்கும்; அதைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் பூட்டு விட்டு அலகு மடங்கும். பலாப்பால் உள்ளே இறங்கிக் காய்ந்து, பட்டை அசைய மறுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். பிறகு வள்ளிக்கு எட்டாமல் கூரை இடுக்கில் செருகிவைத்தாள். அவள் கத்தியோடு கிளம்பிய அன்றைக்குக் காலையில் வள்ளி அரிசிப் பானைமேல் ஏறி அதைத் தொட்டுவிட்டாள்.

(இறுகிப்போன பூட்டு என்பதைப் புருஷன் பெண்டாட்டியின் மனசு என்று படிக்க வேண்டாம். நானும் அப்படி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். கத்தி கத்திதான்.)

3

முதல் பிரதியில் அவள் கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனாள். கதை அங்கேயே படுத்துவிட்டது. சாமுவேலிடம் மறுபடி போய்க் கேட்டேன். சுற்றவில்லை, கையிலேயே பிடித்து வந்தாள் என்றார். வழியில் யாரோ கேட்டதற்கு அவள் சொன்ன பதில் மட்டும் ஊரில் தங்கியிருக்கிறது.

"மறைச்சு எடுத்துக்கினு போனாத்தாம்மா தப்பு. இது ரிப்பேருக்குப் போவுது."

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் கிளம்பும்போது தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அரக்கு நிறப் பட்டிழைகள், ஆயிரக்கணக்கில், இடுப்பு உயரத்தில். இளவெயில் அதன்மேல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. ஓரமாக, திறந்த கத்தியோடு, அவள் நடக்கிறாள். இழை பிரித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றுவிடுகின்றன. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் அலகு பட்டில் படும்.

இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் தெரு நீண்டுகொண்டே போகிறது. நான் வாக்கியத்தை முடித்தாலும் அவள் நடந்துகொண்டிருக்கிறாள். பாவு முடியவில்லை. தறிச் சத்தம் கேட்கவில்லை. கத்தியின் நிழல் மட்டும் பட்டின்மேல் ஒரு மீனைப் போல நீந்திக்கொண்டு...

போதும். ராஜவீதிக்கு வந்துவிட்டாள். அங்கே, பஞ்சாட்சரத்தின் தறியில் வேலைசெய்யும் தர்மன் சைக்கிளில் அவளைப் பார்த்தான். பார்த்ததும் மிதித்த மிதியில் அவளுக்கு வெகு முன்னாலேயே முதலாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"கொழலி அக்கா கத்தியோட வந்துக்கினு இருக்குது."

கிருஷ்ணம்மாள் கதவைத் தாழ் போட்டாள்.

4

சாமுவேலின் கடை பஞ்சாட்சரம் வீட்டுக்கு நேர் எதிரே. ஏலவார்குழலி அந்த வீட்டுப் பக்கம் பார்க்காமல் கடைக்குள் வந்து கத்தியை நீட்டினாள், மடங்கவில்லை என்றாள். சாமுவேல் பட்டையின் இடுக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பலாப்பால் காய்ந்து, அதற்குமேல் துருவும் பிடித்திருக்கிறது, கிருஷ்ணாயிலில் ஊறவேண்டும், உட்காரம்மா என்று விளக்குக்கு ஊற்றும் எண்ணெயை ஒரு தகரத்தில் ஊற்றிக் கத்தியை அதில் வைத்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எதிர்வீட்டுக்குள் அந்த நேரம் என்ன பேசினார்கள் என்று மூன்று பக்கம் எழுதினேன். அண்ணன் அழுதான், தம்பி காலில் விழுந்தான். மூன்றையும் கிழித்துவிட்டேன். சாமுவேல் வெளியே இருந்தார். நானும் வெளியேதான் இருந்தாக வேண்டும்.

கதவு திறந்தது. கலியாணசுந்தரம் ஒரு காலைப் படியில் வைத்து நின்றான். இளைத்திருந்தான்.

"கொழலி, அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். வள்ளி ஒங்கிட்டயே இருக்கட்டும்."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மட்டும் ஒரு வாரம் செலவிட்டும் சரியான சொல் அமையவில்லை.

"நான் பூட்டு ரிப்பேருக்கு வந்தேன்" என்றாள்.

சாமுவேல் கத்தியை எடுத்து ஊசியால் இடுக்கைச் சுரண்டினார். பழுப்பாக ஒரு கட்டி விழுந்தது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கட்டைவிரலை வைத்து அழுத்தினார். 'டக்' என்று பூட்டு விட்டது. அலகு மெதுவாக உள்ளே போய்ப் படுத்தது. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜன்னலில் கிருஷ்ணம்மாள் நின்றிருந்தாள். அவள் அழுதாள் என்று சாமுவேல் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டது, வெயில் காலம்தானே சார் என்றார்.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

கலியாணசுந்தரம் செருப்பை மாட்டிக்கொண்டு பத்தடி பின்னால் நடந்து வீட்டுக்குப் போகிறான். இது வாசகர்களுக்குப் பிடிக்கும்.

ஏலவார்குழலி ஜன்னலடியில் போய், லீவுக்கு வள்ளி வந்து இருந்துவிட்டுப் போவாள் அக்கா என்கிறாள். இது எனக்குப் பிடிக்கும். ஆனால் கத்திக்குப் பயந்து பிள்ளையை விட்டுக்கொடுத்தவர்களிடம், பயமுறுத்தவே செய்யாத ஒருத்தி எப்படி...

இதில் எது நடந்தது என்று சாமுவேலைக் கேட்டேன். தான் கை கழுவப் பின்பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். திரும்பி வந்தபோது அவள் பெஞ்சில் இல்லையாம். பிறகு, மறுபடி ரிப்பேருக்குக் கொண்டுபோயிருந்த குடையை என்னிடம் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு சொல்றேன் சார். பிள்ளையார்பாளையத்துலருந்து என் கடைக்கு வர்ற வழியில மூணு பேரு இந்த வேலை செய்யறாங்க. என்னைவிட நல்லாவே செய்வாங்க."

இதைக் கேட்ட பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதவேண்டும் போலிருந்தது. எழுதவில்லை. அவள் எதற்கு வந்தாள் என்பது அவளுக்கே தெருமுனை திரும்பிய பிறகுதான் தெரிந்ததோ என்னவோ.

அவள் போய்விட்டாள். கலியாணசுந்தரம் இன்னும் ஒரு காலைப் படியில் வைத்தபடியே நிற்கிறான். ஐந்து வருஷமாக நிற்கிறான். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான். நீங்கள் சொல்லிப் பாருங்கள்.