வடக்கே போன விமானம்

பசிபிக் கடலின் நடுவே ஒரு பவளத்தீவில், அமெரிக்க மரைன் படையின் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் காவலிருந்தான் ஆர்வில். போர் மேற்கே நகர்ந்து பத்து மாதமாகிவிட்டது. தபால் கப்பல்கூட இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

ஒரு நண்பகலில் ஜப்பானிய விமானம் ஒன்று தனியாக வந்தது. ஆர்வில் குண்டுகளை எடுத்துக் கொடுக்க, குழுவினர் விடாமல் சுட்டார்கள். அது உயரத்தில் ஒரு வட்டமடித்துவிட்டு, அடிபடாமல் வடக்கே போய்விட்டது.

"நம்மள மறக்காதவன் ஒருத்தனாவது இருக்கானேடா!" என்று சிரித்தான் கூட்டாளி லண்ட்க்விஸ்ட்.

"வாய மூடுடா. நம்மளக் கொல்ல வந்தவன் அவன்" என்று எரிந்து விழுந்தான் ஆர்வில்.

மறுநாள் அதே நேரத்தில், சாப்பாட்டு மணி அடித்த பிறகும், அவன் தொலைநோக்கியோடு வடக்கே பார்த்துக்கொண்டு நின்றான். எதுவும் வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது, அதை வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.