விற்காத சட்டை

துணிக்கடை வாசலில் நிற்கும் இரண்டு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே அண்ணி காலை வைத்ததும் திருட்டு அலாரம் அலறியது. முந்தாநாளும் அலறியது, நேற்றும் அலறியது. அங்கே வேலை செய்யும் நாங்கள் காலையில் பின்வழியாக வருகிறோம், போகும்போது மட்டும் முன்வாசல். பில் போட நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழு மாத வயிற்றோடு அவள் ஓரமாக ஒதுங்கிப் பையைக் கொட்டிக் காட்டினாள்: சாப்பாட்டு டப்பா, மாத்திரை, சீப்பு. மேனேஜர் சொன்னபடி, வாசல் காவலுக்கு நிற்கும் அக்கா முகத்தைப் பார்க்காமல் அவள் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். துணியைச் சுருட்டிக் கட்டியிருக்கிறாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெஷின் பொய் சொல்லாதும்மா," என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே. "நாளைக்கும் கத்துச்சுன்னா வேலைக்கு வர வேண்டாம்."

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது சொன்னாள். "வேலை போனா போகுது. திருடின்னு பேரு வாங்கிட்டா போகணும்?"

மறுநாள் ஸ்டாக் எடுப்பது என் முறை. முன்பெல்லாம் கடையை மூடிவிட்டு ஒவ்வொன்றாக எண்ணுவோம். இப்போது ஒவ்வொரு துணியின் தையலுக்குள்ளும் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. கையிலிருக்கும் ரீடர் கருவியை அலமாரி ஓரமாகக் காட்டிக்கொண்டே போனால், அதன் அலை பட்டு விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். விற்றதும் பில் போடுகிறவர் அந்த எண்ணைக் கழித்துவிடுவார். கழிக்காத எண் வாசலைத் தாண்டினால் தூண் அலறும். அவ்வளவுதான் வித்தை, இதற்குத்தான் அவ்வளவு அலட்டல்.

பெண்கள் சட்டை வரிசையில் ஒன்று கூடுதலாக வந்தது. மறுபடி காட்டினேன், சரியாக இருந்தது. மடித்த துணிகளோடு அண்ணி பக்கத்தில் வந்ததும் திரும்பவும் கூடியது. அட, இதென்ன கூத்து! ரீடரை அவள் பக்கம் திருப்பினேன். திரையில் வந்தது: பெண்கள் சட்டை, நீலம், மிகப் பெரிய அளவு, விற்கவில்லை.

அவள் போட்டிருந்த சீருடை! மூன்று நாள் முன்பு, பழையது வயிற்றுக்குப் பற்றவில்லை என்றதும், விற்பனை அலமாரியிலிருந்து இதை உருவி, "போட்டுக்கோம்மா" என்று கொடுத்தவர் இதே மேனேஜர்தான். கொடுத்த பெருமையில் கணக்கில் கழிக்க மறந்திருக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ரீடரைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன், அண்ணியும் கூடவே வந்தாள். பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "ஓ... இதுவா? இப்பவே கம்ப்யூட்டர்ல எடுத்துடறேன். டென்ஷன் ஆகாதீங்கம்மா, குழந்தைக்கு ஆகாது."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள்!

"எடுக்காதீங்க சார்," என்றாள் அண்ணி. விறுவிறுவென்று வாசலுக்குப் போய் இரண்டு தூண்களுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அலறல் கிளம்பியது. உள்ளே வந்தவர்களும் வெளியே போகிறவர்களும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அண்ணி, வந்துடுங்க," என்றேன்.

"நீ இரு." அவள் மேனேஜரைப் பார்த்தாள். "எல்லார் முன்னாடியும்தானே என் வயித்தைத் தடவச் சொன்னீங்க? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, யாரு மறந்ததுன்னு."

அலறலை நிறுத்தும் சுவிட்ச் பக்கத்திலேயே நின்ற காவல் அக்கா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தள்ளுபடி அறிவிக்கும் மைக்கை எடுத்த மேனேஜர், அதை வாய்வரை கொண்டுபோய், கடை மொத்தமும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தபடி நின்றார்.