சாட்சி சொல்லாத கண்

பென்சிலம்மா கைராசிக்காரி என்று அந்தக் காவல் நிலையத்தில் பேச்சு. சாட்சிகள் திக்கித் திணறிச் சொல்வதைக் கேட்டு அவள் வரைந்து கொடுத்த முகங்களில் பாதிக்கு மேல் ஆள் சிக்கியிருக்கிறது. அவளுக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை. அந்தப் பெருமைதான் வினையாக வந்து சேர்ந்தது.

அன்று காலை இன்ஸ்பெக்டர் வாயெல்லாம் பல்லாக அவளை வரவேற்றார். "தையல்கடை கேஸ் முடிஞ்ச மாதிரிதான். உங்க படத்தை உரிச்சு வச்ச மாதிரி ஒரு ஆளு. இடது இமைகூட அப்படியே தொங்குது. பதினொரு மணிக்கு அந்தத் தையல்காரம்மா வந்து அடையாளம் காட்டிட்டா போதும்."

அப்போது மணி பத்தரை. பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பஸ் நிறுத்தத்துச் சாவிக்காரர். எட்டு வருஷமாகத் தினம் காலையில், பஸ் வரும்வரை, அவர் அரத்தால் சாவி தேய்ப்பதை அவள் வேடிக்கை பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். "மேடம், தினம் பாக்கறீங்களே என்னை. நான் அப்படிப்பட்ட ஆளா? நீங்களாவது சொல்லுங்க."

படத்தை வரைந்தது யார் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

அவள் ஓடிப்போய்க் கோப்பைப் புரட்டினாள். மூன்று வாரத்துக்கு முன் தையல்காரம்மாவின் கடைக்குள் ஒருவன் புகுந்து, அவளுடைய கத்தரிக்கோலாலேயே அவள் வலது கையைக் கிழித்துவிட்டு ஓடியிருந்தான். நான்கு நாள் கழித்து அவள் சொன்னதைப் பென்சிலம்மாவே எழுதியிருந்தாள்: குறுகிய நெற்றி. தடித்த புருவம். மழிக்காத கன்னம். கண், தொப்பி நிழலில் தெரியவில்லை.

சாட்சி சொல்லாததை வெறுமையாக விட வேண்டும். தொழிலின் முதல் பாடம் அது. ஆனால் கண்ணில்லாத முகம் தாளில் பிணம் மாதிரிக் கிடந்தது. கை சும்மா இருக்குமா? இடது இமை தொங்கும்படி கண்ணைப் போட்டாள். முகத்துக்கு உயிர் வந்துவிட்டது. "இவன்தான்" என்று தையல்காரம்மா நடுங்கியபோது பென்சிலம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சொந்தக் கற்பனை என்றுதான் நினைத்தாள். கற்பனையாவது மண்ணாவது! அந்தச் சாவிக்காரரின் கண்ணை அல்லவா எடுத்து ஒட்டியிருக்கிறாள்.

"சார், அந்தக் கண்ணு சாட்சி சொன்னது இல்ல. நானாப் போட்டது. இவரைப் பாத்துப் பாத்து மனசுல பதிஞ்சிருக்கு."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு வற்றியது. "அந்தம்மாவே இவன்தான்னு சொன்னாங்களே?"

"நான் வரைஞ்ச பிறகுதான் சொன்னாங்க. இப்பவும் அதையேதான் சொல்வாங்க."

அவர் கதவைச் சாத்தினார். "இதை எழுத்துல குடுத்தீங்கன்னா, நீங்க இதுவரைக்கும் வரைஞ்ச எல்லாத்தையும் தோண்டுவாங்க. உங்க வேலை போயிடும். பத்து நிமிஷம் இருக்கு, யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். இந்தப் பிழைப்பை விட்டால் வேறு தெரியாது. பழைய படங்களில் இன்னும் யார் யார் கண்ணோ, யார் யார் உள்ளே கிடக்கிறார்களோ என்றும் நினைத்தாள். பேனாவை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் அதைப் பிடுங்கிக்கொண்டு மேலதிகாரியிடம் சொல்லத் தொலைபேசியை நோக்கிப் போனார்; சாவிக்காரரை அடையாளம் காட்டும் பேச்சு அதோடு நின்றது.

கையில் கட்டோடு தையல்காரம்மா வந்தாள். பென்சிலம்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப அது அவன் முகம் இல்லையா?"

"கண்ணு அவனோடது இல்லம்மா. தப்பு என்னோடது."

தையல்காரம்மா நாற்காலியில் சரிந்தாள். "நாலு நாளு தூங்கலை. கண்ணை மூடினா மூஞ்சியே இல்லாம வந்து நிப்பான். நீங்க வரைஞ்சு காட்டின அன்னிக்குத்தான் தூங்கினேன். எதைப் பாத்துப் பயப்படணும்னாவது தெரிஞ்சது. இப்ப அதையும் பிடுங்கிக்கிட்டா நான் என்ன செய்வேன்? வேற ஒரு மூஞ்சி போட்டுக் குடுங்க. யாரோடதா இருந்தாலும் சரி."

பென்சிலம்மா வெள்ளைத் தாளை எடுத்தாள். ஒரு கண் வரைந்தாள். அது பால்காரருடையது. அழித்தாள். அடுத்தது அண்ணனுடையது. அதையும் அழித்தாள். யாருக்கும் சொந்தமில்லாத கண் ஒன்றுகூட அவள் கையில் இல்லை. கலை, படைப்பு என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டதை நினைத்தால் அவமானமாக இருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் ஒரு முகத்தை முடித்து நீட்டினாள்.

தையல்காரம்மா தாளைப் பார்த்தாள். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நீங்க."

"ஆமா. குடுக்கறதுக்கு எனக்கு உரிமை உள்ள முகம் இது ஒண்ணுதான்."

"உங்களைப் பாத்துப் பயப்படணுமா நான்?"

"பயப்படுங்க" என்றாள் பென்சிலம்மா.

தையல்காரம்மா இடது கையாலேயே தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.